கட்டிலில் விட்டுப்போன புடவை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். இதுபோன்ற வாசகர் பக்கங்களில் எழுதுகிறவர்கள் ரயிலில் கிடைத்த நகையைத் திருப்பிக் கொடுத்ததையும் வெள்ளத்தில் ஆளைக் காப்பாற்றியதையும் எழுதுகிறார்கள். என்னுடையது ஒரு பழைய புடவை விஷயம். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது. எழுதினால் முகம் தெரியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்தில் நடந்தது. கோடம்பாக்கம் மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. சினிமாவில் உடை இலாகாவில் வேலை செய்கிறேன். நடிகர்கள் உடுத்தும் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, படப்பிடிப்பு நடக்கிற ஊருக்குக் கொண்டுபோய், அந்தந்தக் காட்சிக்கு எடுத்துக் கொடுப்போம். கோவா, கேரளா, பாண்டிச்சேரி என்று எத்தனையோ கடற்கரைக்குப் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரி போட்டதுதான் மிச்சம். என் மனைவியை ஒரு இடத்துக்கும் கூட்டிப்போனதில்லை.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. கடலில் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டும். சென்னையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு ஆசையா என்று தோன்றும். ஆனால் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அவள் கால் நனைத்ததோடு சரி. சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றை அலை கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் இறங்க அவள் வீட்டில் விட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நானும் விட்டதில்லை.

எங்கள் மகள் கல்யாணமாகி அடையாறில் இருக்கிறாள். நல்ல வேலை. எங்கள் இருவருக்கும் அந்தமானில் கடலோரமாக ஒரு ரிசார்ட்டில் அறை போட்டுவிட்டு, போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள்.

"ம்மா, இது கடலு இல்ல, கொளம். அலையே கெடையாது பாரு. நீ பாட்டுக்குக் கழுத்து வரைக்கும் போய் நில்லு."

என் மனைவி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"பெரிய பெட்டியெல்லாம் வேணாம்பா. ஆளுக்கு ஒரு கைப்பை, ஏழு கிலோ. அவ்ளோதான்" என்றாள் மகள். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி கட்டில்மேல் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைகள், பாவாடைகள், பருப்புப்பொடி டப்பா, எலுமிச்சை ஊறுகாய், தேங்காய் எண்ணெய் பாட்டில், அவளுடைய தலையணை.

"இன்னாம்மே, ஊர் சுத்திப் பாக்கப் போறமா, குடி போறமா?"

"அங்க இன்னா சோறு போடுவானோ? ஊறுகா இருந்தா நல்லதுதானே."

"நீ குந்து. பொட்டி கட்றது என் தொழிலு. என்கிட்டயேவா?"

என் தொழில் என்பதுதான் வினையாகிப்போனது. வாழ்நாள் முழுக்க வண்டி கொள்ளாத பெட்டிகளைச் சுமந்தவனுக்கு, ஒரே ஒரு தடவையாவது கையை வீசிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. துணிகளை மடிக்காமல் பாய் மாதிரி சுருட்டினேன். செருப்புக்குள் சோப்பை வைத்தேன். புடவை இடத்தை அடைக்கும், கடற்கரைக்குப் பொருந்தாது என்று நானே முடிவு செய்து, மகள் விட்டுப்போன இரண்டு சுடிதார்களைப் பிரித்து என் மனைவியின் அளவுக்குத் தைத்தேன். அவளை நிற்கவைத்து அளவெடுக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எனக்கு அளவு தெரிந்துவிடும். பயணத்துக்குக் கட்டிக்கொள்ள ஒரு புடவை, அங்கே போட இரண்டு சுடிதார், ஒரு நைட்டி. முடிந்தது கணக்கு.

அவள் எடுத்துவைத்ததில் கடைசியாக ஒரு பழைய நைலக்ஸ் புடவை இருந்தது. சாயம் போய், அங்கங்கே இழை இழுத்துக்கொண்டு இருந்தது.

"இத்தக் கட்டிக்கினு போனா ரிசார்ட்டுல உள்ளயே வுட மாட்டான்" என்று எடுத்துக் கட்டிலில் போட்டேன்.

"அது இருக்கட்டும்யா. அதுக்கு ஒரு வேலை கீது."

"எல்லா வேலைக்கும் சுடிதார் கீது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஊறுகாயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

எடை பார்க்க வேண்டுமே! தெருவில் வந்த பழைய பேப்பர்காரரை நிறுத்தி, அவருடைய தராசில் பைகளை மாட்டினேன்.

"இன்னா நைனா, துணியெல்லாம் எடைக்குப் போட்றியா?"

"இல்லபா. அந்தமான் போறோம்."

"அந்தமானா? இன்னா கேசு?" என்றார் அவர்.

தெருவே சிரித்தது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பையும் ஏழு கிலோவுக்குள் நின்றன.

விமான நிலையத்தில் எல்லோரும் வண்டியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு திண்டாட, நாங்கள் தோளில் பையோடு போனோம். "பாத்தியா? ஹீரோ கணக்கா கை வீசிக்கினு போறோம்" என்றேன். "ஆமாமா, பல்லு ஆடுற ஹீரோ" என்றாள். விமானம் இறங்கிய இடத்திலிருந்து கப்பல் ஏறி, ரிசார்ட் இருந்த தீவுக்குப் போய்ச் சேரும்வரை என் பெருமையை நானே நாலைந்து தடவை பேசிக்கொண்டேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ரிசார்ட் மகள் காட்டிய மாதிரியேதான் இருந்தது. அறைக் கதவைத் திறந்தால் மணல், தாண்டினால் தண்ணீர். அப்படியொரு பச்சை நிறத்தைத் துணியில்கூட நான் பார்த்ததில்லை. "சீக்கிரம் மாத்திக்கினு வா" என்றேன். அவள் சுடிதார் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

"நல்லா கீதா?"

நான் பார்த்தேன். "தோள்ல ஷோக்கா குந்திக்கிச்சு. கை கொஞ்சம் லூசு" என்றேன். என் தையலைத்தான் பார்த்தேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

கதவு வரைக்கும் வந்தாள். வெளியே ஒரு குடும்பம் பேசிக்கொண்டே போனது. துப்பட்டாவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள், அப்படியே உள்ளே திரும்பிவிட்டாள். "தலை வலிக்குதுய்யா. நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள். கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் மட்டும் போய்க் குளித்தேன்.

சாயங்காலம் பயணத்தில் கட்டிவந்த புடவையையே கட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தாள். ராத்திரி அதைத் துவைத்து பால்கனியில் காயப்போட்டாள். அங்கே வேலை செய்கிற ஒரு அம்மா வந்து, பால்கனியில் துணி போடக் கூடாது என்று கும்பிடு போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அதைக் குளியலறைக் கம்பியில் மாற்றிப் போட்டாள். ஏசி அறையில் எங்கே காயும்? காலையில் ஈரம் காயாத புடவையையே சுற்றிக்கொண்டாள். "சுடிதார் போடேன்" என்றேன். "இதுவே இருக்கட்டும்" என்றாள். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் கடற்கரைக்கு வந்தாள். தண்ணீர் ஓரத்தில் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தினேன்.

"வா! கொளம் மாதிரி கீது. இன்னா பயம்?"

"நீ ஆடுய்யா. நான் பாத்துக்கினு கீறேன்."

"மெட்ராஸ்காரி தண்ணிக்குப் பயந்துகினு நிக்குது பாரு!" என்று பக்கத்தில் குளித்த திருநெல்வேலிக் குடும்பத்திடம் சொல்லிச் சிரித்தேன். புது ஆட்களிடம் பேசவே கூச்சப்படுகிறவன் நான். அன்றைக்கு என் மனைவியைக் கிண்டல் செய்யத்தான் எனக்கு வாய் வந்தது. அவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவையை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு அடி பின்னால் போனாள்.

மறுநாளும் அப்படியே போனது. கிளம்புகிற அன்று காலையில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். நான் பல் துலக்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

"ம்மா, கடல்ல எறங்கினியா?"

"எறங்கினேன்டி. கழுத்து வரைக்கும். ஜில்லுனு இருந்துச்சு."

"போட்டோ எங்க?"

"போன் நனைஞ்சிடும்னு உங்கப்பா எடுக்கல."

போனை வைத்ததும், "ஏன் பொய் சொன்ன?" என்று கேட்டேன். அவள் துண்டை மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"புள்ள ஆசையா அனுப்பிச்சிருக்கா. எறங்கலன்னா அவளுக்கு இன்னாமா இருக்கும்?"

"எறங்கியிருக்கலாம்ல? யாரு வேணான்னா?"

"எத்தக் கட்டிக்கினு எறங்குறது? கீறது ஒரே பொடவ. அத்த நனைச்சிட்டு எத்தக் கட்டிக்கினு சாப்பிடப் போறது, எத்தக் கட்டிக்கினு கப்பல் ஏர்றது? அதுக்குன்னுதான் அந்தப் பழசை எடுத்து வெச்சேன். நைலக்ஸு. புழிஞ்சு ஒதறினா காஞ்சிடும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னனே. அதுக்கு ஒரு வேலை கீதுன்னு சொன்னனே."

வாயில் இருந்த நுரையைத் துப்பினேன். கொப்பளித்துவிட்டு வந்து, "சுடிதார்?" என்று கேட்டேன்.

"நீ எம்மாம் ஆசையா தெச்ச. அதான் ஒண்ணும் சொல்லல. முந்தான இல்லாம வெளிய வந்தா, துணியே இல்லாம நிக்கிற மாதிரி கீதுய்யா எனக்கு."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகி தண்ணீரில் இறங்குகிற காட்சி என்றால், அதே புடவை இரண்டு மூன்று எடுத்துவைப்போம். நனைந்ததைக் கழற்றினால் மாற்றிக் கட்டக் காய்ந்தது தயாராக இருக்க வேண்டும். அதனால் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் பெட்டி கட்டுவதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வியே, "தண்ணி சீன் இருக்கா?" என்பதுதான். முகம் தெரியாத எத்தனையோ பெண்களுக்காக அதைக் கேட்டிருக்கிறேன். கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் ஒரே வீட்டில் என்னோடு இருக்கிறாள். அவளுக்குப் பெட்டி கட்டும்போது எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. அவளே மாற்றுப் புடவை எடுத்துவைத்திருந்தாள். அதை நான் கட்டிலில் வீசினேன்.

ரிசார்ட்டுக்குள் இருந்த கடைக்கு ஓடினேன். தென்னைமரம் அச்சடித்த குட்டைக் கவுன்களும் தொப்பிகளும்தான் தொங்கின. புடவை கேட்டதற்குக் கடைக்காரர் விழித்தார். திரும்பி வருவதற்குள் எங்களைக் கப்பலுக்கு அழைத்துப்போகும் வண்டி வந்துவிட்டது. "ரெண்டு நிமிஷம்" என்று டிரைவரைக் கெஞ்சிவிட்டு, அவள் கையைப் பிடித்துத் தண்ணீருக்கு அழைத்துப்போனேன். "நனைஞ்சா நனையட்டும், வா" என்றேன்.

அவள் கணுக்கால்வரை இறங்கினாள். ஒரு சின்ன அலை வந்து புடவை ஓரத்தை நனைத்தது. குனிந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாள்.

"போதும்யா. ஈரத்தோட அத்தனை ஜனத்துக்கு நடுவுல எப்படி வர்றது? வண்டிக்காரர் நிக்கிறாரு, வா."

கப்பலில் அவள் தூங்கிவிட்டாள். நான் இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு கிலோகூட இல்லாத பை அப்படிக் கனத்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, "இன்னொரு வாட்டி போலாம்" என்று கூப்பிட்டுவிட்டேன். மகளுக்குக் குழந்தை பிறந்தது, ஒரு வருடம் ஓடியது. இப்போது என் மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. தரையில் நடப்பதே சிரமம், மணலில் எங்கே நடப்பது? "அதான் பாத்துட்டு வந்தோமே" என்கிறாள். மகளுக்கு இன்றுவரை உண்மை தெரியாது. அம்மா கழுத்தளவு தண்ணீரில் நின்றதாகத் தன் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனைவி என்னைப் பார்க்க மாட்டாள். நானும் அவளைப் பார்க்க மாட்டேன். பாரம் குறைக்கத் தெரிந்த எனக்கு, "இது எதுக்கும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாமல் போனது. இன்றைக்கும் யாருக்குப் பெட்டி கட்டினாலும் என் கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.

ஊர் திரும்பிய மறுநாள், கட்டிலில் கிடந்த அந்தப் பழைய புடவையைக் கிழித்து அடுப்படிக்குப் பிடிதுணியாக்கிக்கொண்டாள். பயணத்தில் கட்டியிருந்த புடவையை நான் துவைக்க எடுத்தேன். அடிக்கரையில் நாலு விரல் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. அதற்கு மேல் இல்லை.