மத்தியானத் தறி

எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் எங்கள் குடும்பமே சிரிக்கும். குமாரபாளையத்தில் விசைத்தறி ஓடுகிற கூடத்துக்கு அடுத்த அறையில் வளர்ந்தவள் நான். தடக் தடக் என்று சுவர் அதிர்ந்தால்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் அத்தனை பேரும் ஒன்றாக விழித்துக்கொள்வோம். அப்பேர்ப்பட்ட என்னை நாமக்கல்லில் மேல் வீட்டுக் குழந்தை ஒன்று அழவைத்துவிட்டது.

நான் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அந்த வருடம் தொடர்ந்து இரவு டூட்டி. பகலில் தூங்கினால்தான் வார்டில் மருந்தைத் தப்பில்லாமல் ஏற்ற முடியும். நானும் என் கணவரும் கீழ் வீடு. மேலே ஓர் இளம்பெண்ணும் அவளுடைய இரண்டு வயது மகளும். அவள் கணவர் ரிக் வண்டியில் வட மாநிலத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்தார். அந்தக் குழந்தைக்கும் பகல் தூக்கத்துக்கும் ஏழாம் பொருத்தம். நான் கண்ணை மூடியதும் டைல்ஸ் தரையில் சொம்பை உருட்டும். சொம்பைப் பிடுங்கினால் நாற்காலியை இழுக்கும். அதையும் தடுத்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். தறிச் சத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இதற்கு ஒன்றும் கிடையாது. சொம்பு விழுவதைவிட, அடுத்து எப்போது விழும் என்று காத்துக்கிடப்பதுதான் பெரிய கொடுமை.

ஒரு நாள் வார்டில் நின்றபடியே கண் அசந்துவிட்டேன். ஹெட் நர்ஸ் தோளைத் தட்டி, இன்னொரு தடவை இப்படிப் பார்த்தால் வேலைக்கே வர வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மறுநாள் நேரே மாடிக்கு ஏறினேன்.

"ஏம்மா, கீழ ஒருத்தி ராத்திரியெல்லாம் முழிச்சிருந்துட்டு வந்து படுத்துருக்கறேன். புள்ளையக் கொஞ்சம் அடக்கி வெக்கக் கூடாதா?"

"சின்னப் புள்ள இருக்கற ஊடுங்க. அப்படித்தான் இருக்கும்" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். என் தம்பிக்குப் போன் போட்டு, தறி ஓடுகிற சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சாக்கா?" என்றான்.

"சொன்னதச் செய்யுடா" என்றேன். செய்தான்.

என் கணவர் பாட்டுக் கேட்க வாங்கி வைத்திருந்த பெரிய சார்ஜ் ஸ்பீக்கரை அலமாரி மேல் ஏற்றினேன். வாயை மேலே பார்க்கத் திருப்பி, முழுச் சத்தத்தில் தறியை ஓடவிட்டேன். எனக்குத் தாலாட்டு, அவளுக்குத் தலைவலி. அவளுக்கு நன்றாக வலிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். படுத்ததும் தூங்கிப்போனேன்.

அன்றைக்கு மேலிருந்து சொம்பும் விழவில்லை, நாற்காலியும் இழுபடவில்லை. மறுநாளும் அப்படியே. பயந்துவிட்டாள் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. "நம்மகிட்ட வெச்சுக்கிட்டா சும்மா உடுவமா?" என்று கணவரிடம் அளந்தேன். வார்டில் கண் அசராமல் நிமிர்ந்து நின்றேன். ஹெட் நர்ஸே இப்போது தேவலை என்றார்.

சில வாரம் இப்படியே ஓடியது. ஒரு மத்தியானம் ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்து சத்தம் நின்றது. சட்டென்று விழித்துக்கொண்டேன். மேலே குழந்தை வீல் என்றது. படியில் தடதடவென்று யாரோ இறங்கி வருவது கேட்டது. வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று கொண்டையை முடிந்துகொண்டு கதவைத் திறந்தேன்.

மேல் வீட்டுக்காரி நின்றாள். தலை கலைந்திருந்தது, கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. தோளில் கிடந்த குழந்தை சிணுங்கியது.

"ஏனுங்க்கா, நிறுத்திப்போட்டீங்க?"

வழக்கமாக எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு, "உனக்குத் தல வலிக்கலயா?" என்றுதான் கேட்க வந்தது.

"மொத நாளு சண்ட போடத்தானுங்க இவளத் தூக்கிட்டு எறங்குனேன். பாதிப் படியிலயே தோள்ல தூங்கிட்டா. பொறந்ததுலருந்து மத்தியானம் கண்ணே மூடாத புள்ளைங்க. அப்படியே மேல போயி நானும் படுத்துட்டேன். நான் பகல்ல படுத்து ரெண்டு வருசமாச்சுங்க்கா. அது என்ன மெசினுங்க?"

"எங்கூட்டுத் தறி, சாமி" என்றேன்.

நான் ஜெயித்துவிட்டதாக மார்தட்டிக்கொண்ட அத்தனை நாளும் தாயும் பிள்ளையும் என் தலைக்கு மேலே சுகமாகத் தூங்கியிருக்கிறார்கள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த குழந்தையின் கண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"அப்பறம் சிரிக்கலாமுங்க்கா. இவ நல்லா முழிச்சுக்கறதுக்குள்ள போட்டுருங்க."

ஓடிப்போய் ஸ்பீக்கரைச் சார்ஜரில் செருகித் தறியை ஓடவிட்டேன். அவள் படியேறும்போதே குழந்தையின் தலை சாய்ந்துவிட்டது. நானும் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.