இடது கையில் கொடி

பகலில் ஃபவுண்டரி வேலை, பம்புக்கு வார்ப்படம் ஊற்றுவது. கால்பந்து ஆட்டம் இருந்தால் அரை நாள் லீவு போட்டு லைன்ஸ்மேன், கோட்டோரம் கொடியோடு ஓடுகிறவன். போத்தனூர் ரயில்வே மைதானத்தில் ஆடத் தொடங்கியவன். முட்டி போனபின் கொடி பிடித்தேன். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் லீக் வரை வந்துவிட்டேன்.

அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் மச்சான் வீட்டுக்கு வந்தார். என் மனைவியின் அண்ணன். சென்னிமலைப் போர்வை வியாபாரம். செல்போனில் பந்தயம் கட்டுவார். மனைவி டீ போடப் போன நேரம் பார்த்துச் சொன்னார்.

"நீலச் சட்டைக்காரன் கோல் போட்டா ஆஃப்சைடுனு கொடியத் தூக்கிப்போடுங்க மாப்பிள்ளை, கோல் செல்லாமப் போயிரும். சம்மதம்னா இடது கையில கொடியப் புடிச்சுட்டு எறங்குங்க. நான் கேலரில இருப்பனுங்க."

நான் பதில் சொல்லவில்லை. பெண் கொடுத்த வீட்டு ஆளிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. டீ குடித்தார், போனார். அதன்பின் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலை வேலையில் வலது உள்ளங்கையில் சூடு பட்டது. பெரிய கொப்புளம். மாலை மைதானத்தில் இறங்கும்போது வலிக்குப் பயந்து கொடியை இடது கையில் பிடித்திருந்தேன். கோட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உடனே கை மாற்றினேன். கேலரியில் மச்சான் குனிந்து செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நீலச் சட்டை கோல் போடக் கூடாதே என்று ஓடினேன். எழுபதாம் நிமிடம் போட்டான். ஒரு பூட்ஸ் நீளம் ஆஃப்சைடு. என் கண்ணால் பார்த்தேன். கொடியைத் தூக்கினேன்.

நீலச் சட்டைக் கேப்டன் என் முகத்துக்கருகில் வந்து, "எத்தனைக்குங்க வித்தீங்க?" என்றான். அதிலும் மரியாதை.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் கேட்டில் மச்சான் நின்றிருந்தார். "சம்மதம் சொல்லாமயே செஞ்சுபோட்டீங்க."

"அது ஆஃப்சைடுங்க மச்சான்."

"ஆமாங்க, ஆஃப்சைடுதானுங்க," என்று சிரித்தார்.

திரும்பி உள்ளே போனேன். ஆட்டத்தை மேற்பார்வையிடும் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கொடி இடது கையில் இருந்ததையும். எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

விசாரணை முடியும்வரை எனக்கு ஆட்டம் கிடையாது. மச்சான் வருவதில்லை. மனைவி அவரைப் பற்றிப் பேசுவதில்லை, என்னிடமும் தேவைக்குத்தான். ஞாயிறு வந்தால் கால் நிற்பதில்லை. தெருக்கோடி வரை போய்ப் போய் வருகிறேன்.

ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆஃப்சைடு இல்லாமல் இருந்தால் தூக்கியிருப்பீர்களா என்று கேட்டார் விசாரித்தவர்.

"தூக்கியிருக்க மாட்டனுங்க."

அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.