அந்தக் குழைவு யாருடையது

அவர் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டொலார்ட் நகரில் எங்கள் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். மெலிந்தவர், பனியிலும் கையுறை போடமாட்டார். பேருந்தில் உட்கார்ந்தாலும் இடதுகை விரல்கள் வலது மணிக்கட்டில் எதையாவது வாசித்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் நானும் அவரும் மெட்ரோவில் இறங்கினோம். படிக்கட்டடியில் ஒரு வெள்ளைக்காரர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். ஆசிரியரின் விரல்கள் சட்டென்று நின்றன.

"அண்ணை, இது எங்கட மெட்டு! எங்கட பெரியவர் ஒருத்தர் செய்ததெண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனான்."

நேரே போய்க் கேட்டார். ஸ்கொட்லாந்தில் தன் பாட்டனாரின் ஊர்க்காரர் கட்டிய மெட்டு என்றார் வெள்ளைக்காரர். கேட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண், இல்லை, அயர்லாந்து என்று சண்டைக்கு வந்தாள். ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. வயலினை வாங்கி, ஈரத் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி வாசித்தார். ஓரிடத்தில் சுரத்தைக் குழைத்து இழுத்தபோது வெள்ளைக்காரர் குனிந்து விரல்களைப் பார்த்தார்.

அடுத்த வாரம் அதே படிக்கட்டடியில் அதே குழைவு கேட்டது. அது தன் பாட்டனார் ஊரின் பழைய வழக்கம் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார் வெள்ளைக்காரர்.

ஆசிரியரின் முகம் சிவந்தது. "அந்தக் குழைவு நான் போட்டது, அண்ணை. முந்தி ஒருத்தரும் அப்பிடி வாசிக்கேல்லை."

"போய்ச் சொல்லுங்கோவன்."

"எப்பிடிச் சொல்லுறது? பிள்ளையளிட்ட நானும் அந்தக் குழைவைப் பெரியவர் போட்டதெண்டெல்லோ சொல்லிப்போட்டன்."

வீடு வரும்வரை அவருடைய விரல்கள் அந்த ஓரிடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தன.