தலை மாற்றும் வேலை

எங்கள் பிரஸ்ஸில் தலை மாற்றுவது என் வேலை. திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் அது. மயில், புலி, மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நான்தான் செய்கிறேன். ஆனால் சீசன் நெருங்கினால் வருகிற ஆர்டரில் பாதி கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் கேட்டுத்தான் வரும். பெயர் போட மாட்டோம். போட்டால் வக்கீல் நோட்டீஸ் வந்துவிடும் என்று மேனேஜர் அண்ணாச்சிக்குப் பயம். மூஞ்சியும் அச்சாக அப்படியே இருக்கக்கூடாது. கடையில் பார்க்கிறவன் "அவருதான்" என்று சொல்லவேண்டும், அவருடைய வக்கீல் பார்த்தால் "அவர் இல்லை" என்று சொல்லவேண்டும். அந்த வித்தைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

தலைக்குப் பஞ்சமில்லை, உடம்புதான் சிக்கல். நெட்டில் கிடைக்கிற படங்களில் ஆட்டக்காரர்களின் சட்டையெல்லாம் கம்பெனி விளம்பரம். அதை ஒவ்வொன்றாக அழிப்பதைவிட யாரையாவது மட்டையோடு நிறுத்திப் படம் எடுப்பது சுலபம். அப்படித்தான் என் தம்பியைக் கூப்பிட்டேன்.

அவன் பட்டாசு ஆபீஸில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவன். எங்கள் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், கேட்கிற வெளியூர்க்காரர்கள் ஏசி ரூம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிவதற்குள் அவனுக்குக் கால் பரபரக்கும். ஆமென் சொன்ன கையோடு கண்மாய்க்கு ஓடிவிடுவான். தண்ணீர் வற்றின கண்மாயில்தான் ஆபீஸ் டீமுகளுக்கு மேட்ச் நடக்கும். அவன் முதலில் இறங்கி அடிக்கிற ஆள். நன்றாகவே அடிப்பான், அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆட்டமே பிடிக்காது.

பிரஸ்ஸுக்குப் பின்னால் பேப்பர் கட்டு இறக்குகிற இடத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி அவனை நிறுத்தினேன். வெள்ளை பேண்ட் இரவல். மட்டையை ஓங்கி, இடது முழங்கையை மேலே தூக்கி, பந்து போன திசையைப் பார்க்கிற மாதிரி நின்றான்.

"யக்கா, மூஞ்சி நல்லா விழுகுதா?"

"ஏலே, மூஞ்சிய எப்படியும் வெட்டத்தான் போறேன். கைய ஆட்டாம நில்லு."

விழுந்து விழுந்து சிரித்தான். எடுத்த படங்களில் பாதி அந்தச் சிரிப்பில் ஆடிப்போனது. தேறின ஒன்றை எடுத்து அவன் உடம்பைச் சுற்றிக் கோடு இழுத்தேன். மௌஸை வைத்துப் புள்ளி புள்ளியாக, தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, பாதம். ஒரு மனுஷன் உடம்பை அத்தனை பொறுமையாகப் பெற்றவள்கூடப் பார்த்திருக்க மாட்டாள். பிறகு கழுத்தோடு வெட்டி, அந்த வருஷம் உச்சத்தில் இருந்த ஆட்டக்காரரின் தலையை வைத்தேன். பொருந்திவிட்டது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "அடேயப்பா, அவரே இங்கன வந்து நின்ன மாதிரில்லா இருக்கு" என்றார்.

அந்தத் தீபாவளிக்குத் தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் காட்டினான். "கழுத்துக்கு மேல அவரு, கீழ நானு" என்று சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாததில்தான் அவனுக்குச் சந்தோஷம்.

ஆட்டக்காரர்களை ஏலம் எடுக்கிற நாளில் எங்கள் பிரஸ்ஸில் மெஷின் ஓடினாலும் ஆள் ஓடாது. எல்லாரும் டிவி முன்னால் நிற்பார்கள். ஒருத்தரை இத்தனை கோடி என்று தட்டினதும் இங்கே கைதட்டல், என்னவோ இவர்கள் வீட்டுக்கு வருகிற மாதிரி. அண்ணாச்சி மட்டும், "மாட்டுச் சந்தையிலகூட பல்லப் புடிச்சுப் பாத்துட்டுத்தாம்ல வெல சொல்லுவாக" என்பார். அப்படி ஒரு ஏல நாளில் வீட்டுக்கு வந்து தம்பியிடம் சண்டை பிடித்தேன். அது எங்களுக்குள் வழக்கமான சண்டை.

"ஒரு கட்டைய வச்சு ஒரு பந்த அடிக்கதுக்கா அம்புட்டுக் கோடி? அவன் என்ன நாலு பேரு உயிரக் காப்பாத்துனானா?"

"எம்புட்டுக் குடுத்தாலும் தகும்க்கா."

"எதுக்குத் தகும்?"

"அம்புட்டுப் பேரு பாக்கான்லா. நீ ஒரு நாள் அத்தன கண்ணுக்கு முன்னால நின்னு பாரு, தெரியும். அவரு ஒரு தப்புப் பண்ணுனா ஊரே ஏசும். நான் தப்புப் பண்ணுனா ஏசுறதுக்கும் ஆளு இருக்காது, கேக்குறதுக்கு நானும் இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அடுப்படியில் இருந்த அம்மா, "வாயக் கழுவுலே" என்று சத்தம்போட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

அவன் சொன்னதை இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். ஆட்டக்காரர் வேலை செய்கிற இடம் நடுவில், சுற்றிலும் பார்க்கிறவர்கள். என் தம்பி வேலை செய்த இடமோ யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றே கட்டினது. ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் வெறும் பொட்டல்காடு விட்டிருப்பார்கள். ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான் என்று சுவரில் எழுதியிருக்கும். ஒன்று போனால் ஒன்றோடு போகட்டும் என்ற கணக்கு. அவன் மருந்தை எத்தனை பக்குவமாகச் செலுத்தினான் என்று யார் பார்த்தது? வெடி வானத்தில் போய் விரிந்தால் ஆ என்று வாய் பிளப்பார்கள், அதோடு சரி. ஆட்டக்காரர்கள் கோப்பையைத் தூக்கும்போது அவர்களுக்குப் பின்னால் வாணம் வெடிக்கிறதே, அதில் எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தர் பெயராவது உண்டா?

அன்றைக்குக் காலை பத்து மணிக்குமேல் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் பெரிய சத்தம் கேட்டால் யாரும் முதலில் பேசமாட்டார்கள். வெளியே வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தில் சொந்தம் இல்லாதவர்கள் மெதுவாக உள்ளே போய்விடுவார்கள். நான் வெளியிலேயே நின்றேன். சாத்தூர் ரோட்டுப் பக்கம் புகை வெள்ளையாக எழும்பி, பிறகு கறுத்தது.

அவனுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆபீஸ் உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாட்ச்மேனிடம் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போகவேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே, பிரஸ் ஆள் ஒருத்தர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் அடித்தன. சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, குழந்தை சிரிக்கிற சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு பெருங்கூட்டம் ஹோவென்று ஆர்ப்பரிக்கிற சத்தமும் வந்தது. சிக்ஸர் அடித்ததும் மைதானம் கத்துமே, அது. என் தம்பி அதைத்தான் ரிங்டோனாக வைத்திருந்தான். என் கையில் இருந்த போனை நிறுத்தினேன். அந்தக் கூட்டமும் நின்றது.

பிணவறையில் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். அடையாளம் ஏதும் உண்டா, மச்சம், தழும்பு, மோதிரம் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். மூஞ்சியை வைத்துச் சொல்ல முடியாது என்பதை ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். துணியை விலக்கினதும் நான் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கி, கொஞ்சம் உள்வாங்கி, திரும்ப வெளியே வருகிற கோடு. மௌஸ் பிடித்த கைக்கு அது தெரிந்தது. "இவந்தான்" என்றேன். எப்படிச் சொல்லுகிறீர்கள் என்று கேட்டார்கள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம், லேபிளில் நான் தலை எடுத்து வைத்த அந்தப் பெரிய ஆட்டக்காரருக்கு விரலில் அடிபட்டது. டிவியில் எக்ஸ்ரே படம் காட்டினார்கள். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினார்கள், ஜனங்கள் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். தம்பி ஆபீஸ் வெடித்த செய்தி அதற்குள் கீழே ஓடுகிற வரியிலிருந்துகூடப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு விரல், ஒரே ஒரு விரல்! டிவியை நோக்கி வாய்க்கு வந்தபடி ஏசினேன். அம்மா அழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ளைக்கும் வலிக்கத்தான செய்யும்" என்றாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

இதற்குப் பிறகுதான் அந்தத் தொந்தரவு ஆரம்பித்தது. லேபிள் நிற்கவில்லை. நல்லா ஓடுகிற லேபிளை யாரும் நிறுத்தமாட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் எந்தக் கடைக்குப் போனாலும், சாத்தூர் பஸ் ஸ்டாண்டு ஆனாலும் காரியாபட்டி ஆனாலும், அடுக்கடுக்காக என் தம்பி நின்றான், வேறு ஒருத்தர் தலையோடு. டிவியில் அந்த ஆட்டக்காரர் மட்டையை ஓங்கினால் என் கண் அவர் முழங்கையைத் தேடிப்போகும். அது வேறு முழங்கையாக இருக்கும். இவர் உடம்பு இவருடையது இல்லையே என்று எனக்கு ஒரு நொடி தோன்றும். தோன்றினதும் பயமாக இருக்கும். கனவிலும் தம்பி அவர் மூஞ்சியோடுதான் வந்தான். "யக்கா" என்று கூப்பிடுவான், நான் யாரோ என்று கதவைச் சாத்திவிடுவேன்.

போன வருஷம் அந்த ஆட்டக்காரருக்கு ஆட்டம் மங்கிவிட்டது. ஏலத்தில் எடுக்க ஆளில்லை. நேற்றுவரை தலையில் வைத்து ஆடின அதே ஜனம் அவரைக் கிழவன் என்றது. புதிதாக ஒரு பையன் கோடிகளில் போனான். உடனே லேபிள் வாங்குகிற பட்டாசுப் பார்ட்டியிடமிருந்து ஆர்டர் வந்தது. லேபிள் அதே லேபிள், தலை மட்டும் புதுப் பையன் தலை.

வீட்டில் சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏத்தா, எம்புள்ள மூஞ்சிய வைக்கக் கூடாதா?"

நான் அவள் தட்டில் குழம்பை ஊற்றினேன்.

"ஒடம்பு அவனுதுதான? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவன் மூஞ்சியோட போகட்டும். நாலு வீட்டுல அவனப் பாக்கட்டுமே."

மறுநாள் அண்ணாச்சியிடம் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு லோடு அப்படிப் போகட்டும்மா. எந்தப் புது ஆட்டக்காரனோன்னு நெனச்சுக்கிடுவாக. பார்ட்டிகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். நல்ல மனுஷர்தான்.

பழைய படத்தைத் தேடி எடுத்தேன். தம்பியின் சொந்தத் தலை, சிரிப்பை அடக்குகிற வாயோடு, கழுத்தில் வந்து உட்கார்ந்தது. கலர் சரிசெய்யவோ, ஓரம் மழுப்பவோ எனக்கு வேலையே இல்லை. பெட்டியாக மடிக்கிற தாள் ஒன்றில் அடித்து, மடிப்புக்கோடும் கிழிகோடும் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளும் ஒரு காலத்தில் பட்டாசுக்குப் பெட்டி ஒட்டினவள். தாள் கையில் இருந்தால் விரல்கள் சும்மா இருக்காது. பார்த்துக்கொண்டே ஓரத்தை மடித்தாள், மூலையைச் செருகினாள், பெட்டி எழுந்து நின்றது. மேல்பக்கத்தில் அவன் சிரித்தான். பழக்கத்தில் அவள் கட்டைவிரல் பெட்டியைத் திறக்கிற கோட்டுக்குப் போனது. பெட்டியைக் கிழித்துத் திறப்பதற்காக நாங்கள் ஓட்டை ஓட்டையாகக் குத்துகிற கோடு அது. அது அவன் நெற்றியில் இருந்தது.

விரலை எடுத்துவிட்டாள்.

"இங்கனதான கிழிப்பாக?"

"ஆமாம்மா."

"கிழிச்சி வெடிய எடுத்துட்டு, பெட்டிய ரோட்டுல எறிவாக. மிதிப்பாக. நெருப்பு வப்பாக." பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாந்தா. இவன எடுத்துரு. அந்தப் புது ஆளு மூஞ்சியவே வையி."

"நீதானம்மா கேட்ட?"

"கேட்டேன். ஒடம்பு கெடக்கட்டும், அது யாருதுன்னு யாருக்குத் தெரியும்? மூஞ்சி வேண்டாம். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. கிழிச்சாலும் மிதிச்சாலும் சாயந்தரம் டிவில முழுசா வந்து நிப்பான். அதுக்குத்தான அவனுக்கு அம்புட்டுக் காசு குடுக்காக. குடுக்கட்டும்."

அந்த ஒரு பெட்டியை அவள் திருப்பித் தரவில்லை. நான் பிரஸ்ஸுக்குத் திரும்பிப்போய், என் தம்பியின் கழுத்தைச் சுற்றி இரண்டாவது தடவையாகக் கோடு இழுத்தேன்.