ஏலத்துக்கு வந்த பெரியம்மா

மெழுகும் பூச்சிமாத்திரையும் பல வருஷம் வெயில் காணாத கம்பளமும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது ஒரு பழைய அலுமாரியைத் திறக்கும்போது அந்த வாசனை வந்தால் நான் உடனே பத்து வயதுப் பிள்ளையாகி, யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களாவின் வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் அம்மா. உள்ளே போகலாமா கூடாதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

அது ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாசி மாதம். வருஷம் முழுக்க நிழலுக்குள் கிடக்கும் எங்கள் தோட்டத்தில் அந்தச் சில வாரங்கள் மட்டும்தான் வெளிச்சம் தரைவரைக்கும் இறங்கி வரும். காற்று இல்லாமலேயே சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் கழன்று, அவசரமே இல்லாமல் சுற்றிச் சுற்றி விழுந்து, தொழிலாளர் லயத்துக் கூரையையும் கோயில் வாசலையும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையையும் மூடிவிடும். தோட்டம் அரசாங்கத்திடமிருந்து ஒரு கம்பெனிக்குக் கைமாறிய வருஷம் அது. புது துரைக்குக் கீழே ரோட்டோரமாகப் புது வீடு கட்டிவிட்டதால், வெள்ளைக்காரத் துரைகள் காலத்திலிருந்து நின்ற பெரிய பங்களாவைப் பூட்டிப் போட்டு, அதிலிருந்த பழைய சாமான்களை ஏலத்தில் விற்பது என்று முடிவானது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அதை அறிவித்த கணக்கப்பிள்ளை ஏலம் என்று சொல்லாமல் "வெந்தேசி" என்ற சிங்களச் சொல்லைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், லயத்தில் தமிழாகத் தொடங்கும் பேச்சு கடைவீதிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி சிங்களமாகியிருக்கும். நாங்கள் பிள்ளைகள் அதை ஏதோ ஒரு திருவிழாவின் பெயர் என்றே நினைத்துக்கொண்டோம்.

ஏலத்துக்கு முந்தின நாள் யார் வேண்டுமானாலும் வந்து சாமான்களைப் பார்க்கலாம் என்றார்கள். கொழும்பிலிருந்தும் இரத்தினபுரியிலிருந்தும் வரும் வியாபாரிகளுக்காகச் சொன்னதுதான். ஆனாலும் லயத்து ஆட்கள் பாதிப்பேர் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, கோயிலுக்குப் போவதுபோல மேலே ஏறினோம். அம்மா பால் வெட்டுக்காரி. பங்களா வேலியை ஒட்டிய மரங்களில் இருபது வருஷமாகப் பால் வெட்டியவள் அந்த வேலிக்கு உள்ளே ஒருதரம்கூடக் கால் வைத்ததில்லை.

உள்ளே எல்லாச் சாமான்களிலும் சிவப்பு நூலில் இலக்கம் எழுதிய அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பாவைவிட உயரமான ஒரு மணிக்கூடு, ஊமத்தம்பூபோல வாய் விரிந்த கிராமபோன், படகும் பாலமும் வரைந்த நீலத் தட்டுகள், மேசையின்மேல் மூன்று காலில் நின்ற பித்தளைத் தூரதிருஷ்டிக் கண்ணாடி. கண்ணாடி ஜன்னல் வழியாக வந்த மாசி வெயில் எல்லாவற்றின்மேலும் தேன் பூசியதுபோலப் படிந்திருந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. நான் ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல நடந்து, தொடக்கூடாது என்று சொன்ன சாமான்களைச் சுண்டுவிரலால் மட்டும் தொட்டுத் தொட்டுப் போனேன்.

சாப்பாட்டு அறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் ஒரு நீண்ட நடை இருந்தது. அதன் சுவரில், சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஓர் அருவி, யானை குளிக்கும் ஆறு, சர்ச், குதிரைமேல் ஒரு வெள்ளைக்கார நோனா. கடைசிப் படத்தின் முன்னால் அம்மா நின்றுவிட்டாள். ரப்பர் மரத்தில் முதுகைச் சாய்த்து, ஒரு கையில் பால் வெட்டும் கத்தியும் மறு கையில் வாளியுமாக, இடுப்பில் சாக்குக் கட்டிய ஒரு பெண், தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பழைய காலத்துப் பால் வெட்டும் பெண், பெயர் தெரியாது என்று அர்த்தம்.

அம்மா படத்துக்கு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு, "இது உங்க பெரியம்மா, பாப்பா," என்றாள்.

புஷ்பம் பெரியம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். அம்மாவைவிட ஐந்து வயது மூத்தவள். கலியாணம் கட்டிய வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்து, இரண்டு அரசாங்கமும் பேசித் தோட்டத்து ஆட்களை நாடு பிரித்து அனுப்பிய காலத்தில் அவர்களோடு போய்விட்டாள். ரம்புக்கனை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்த நாளைப் பற்றி அம்மா எப்போதாவது சொல்வாள். நீலகிரிப் பக்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எழுதியதற்குப் பதில் இல்லை. பெரியம்மா தன் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது, அதுவும் அவளோடேயே கப்பல் ஏறிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு மலை இறங்கி வரும்போது அம்மா தானாகவே பேசினாள். படம் பிடிக்கும் ஆசை உள்ள வெள்ளைக்காரத் துரை ஒருவர் இருந்தாராம். ஒருநாள் காலையில் மலைக்கு வந்து பெரியம்மாவை மரத்தடியில் நிற்கச் சொன்னாராம். பயத்தில் விறைத்து நின்றவளைச் சிரிக்க வைப்பதற்காக, பதினொரு வயதுப் பிள்ளையான அம்மா துரையின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் தொப்பியைத் தூக்குவதுபோலவும் மூக்கைத் துடைப்பதுபோலவும் நடித்துக் காட்டினாளாம். எடுத்த படத்தை அவர்களுக்கு யாரும் காட்டவே இல்லையாம். "அவ சிரிக்கிறது என்னையப் பாத்துதான்," என்றாள் அம்மா. எங்கள் இருவர் தலையிலும் இலைகள் விழுந்துகொண்டே இருந்தன. தட்டிவிட மனமில்லாமல் அப்படியே நடந்தோம்.

இராத்திரி அப்பாவும் அம்மாவும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. காலையில் அம்மா பெட்டியைத் திறந்து, இருந்த காசையெல்லாம் எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அப்பா ரப்பர் ஸ்டோரில் வேலைக்குப் போகாமல் எங்களோடு வந்தார். படத்தைக் கேட்டால் கொடுத்துவிடுவார்களா என்று அப்பா முதலில் அங்கிருந்த கிளார்க்கிடம் விசாரித்துப் பார்த்தார். பட்டியலில் ஏறிவிட்ட சாமானை அப்படிக் கொடுக்க முடியாது, எல்லோரையும்போல ஏலத்தில் கேட்டு எடுங்கள் என்று அவர் மரியாதையாகவே சொன்னார்.

பங்களா முன்னால் மாரா மரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தது. வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் செடி வேலியோரம் நின்றோம். கழுத்துப்பட்டி கட்டிய ஏலக்காரர் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மாறி மாறிப் பேசி, எங்கள் பக்கம் திரும்பி உடைந்த தமிழிலும் இரண்டு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைத்தார். ஒருவர் விரலைத் தூக்குவார், இன்னொருவர் பேனாவைத் தூக்குவார், மரச் சுத்தியல் மேசையில் விழும். மணிக்கூடு போனது. கிராமபோன் போனது. நீலத் தட்டுகளை இரத்தினபுரி மாணிக்க வியாபாரி ஒருவர் வாங்கி, ஒவ்வொரு தட்டாக வெயிலில் பிடித்துப் பார்த்தார். அம்மா எதையும் பார்க்கவில்லை.

கடைசியில் பெரியம்மாவின் படத்தை ஓர் ஆள் தலைக்குமேலே தூக்கிப் பிடித்தான். ஏலக்காரர் ஒரு விலை சொன்னார். யாரும் அசையவில்லை. விலையைக் குறைத்துச் சொன்னார். அப்போது அம்மா கையைத் தூக்கினாள். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாராவது உண்டா என்று ஏலக்காரர் கேட்டார். ஒருவரும் இல்லை. சுத்தியலைத் தூக்கியும் விட்டார். அப்படியே அதை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, இந்தப் படம் உங்களுக்கு எதற்கு என்று சிங்களத்தில் அம்மாவிடம் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு தோட்டத்துப் பெண் படம் வாங்குவது அவருக்கு அதிசயமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்போல வரும். ஆனால் அன்றைக்கு அவள் தமிழில்தான் பதில் சொன்னாள்.

"அது எங்க அக்காங்க. பேரு புஷ்பம்."

ஏலக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். அம்மா சொன்னதை இங்கிலீஷில் எல்லோருக்கும் சொன்னார். அவர் சொன்ன வார்த்தைகள் எனக்குப் புரியவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். பெயர் தெரியாத படம் வெறும் படம். பெயரும் தெரிந்து, கூடப் பிறந்தவளும் பக்கத்திலேயே நின்றால் அது அபூர்வப் பொருளாகிவிடும் என்பது பெரியவளான பிறகுதான் எனக்கு விளங்கியது. இரண்டாவது வரிசையில் இருந்த கொழும்பு வியாபாரி ஒருவர், வெள்ளைச் சட்டைக்காரர், விரலைத் தூக்கினார். அம்மா மறுபடி கையைத் தூக்கினாள். அவர் மறுபடி தூக்கினார். அம்மாவின் கை சீலைத் தலைப்பு முடிச்சுக்குப் போனது, அதைப் பிடித்தபடியே நின்றது, பிறகு மேலே போகவில்லை. சுத்தியல் விழுந்த சத்தம் மற்றச் சாமான்களுக்கு விழுந்த அதே சத்தம்தான்.

பழைய காலத்துப் பெண் என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். அந்த ஏலத்தின்போது பெரியம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதுதான் இருக்கும்.

சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு அம்மா தனியாகப் போனாள். அப்பா வேண்டாம் என்றார், அவள் கேட்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். இன்னொருதரம் பார்க்கலாமா மாத்தயா என்று சிங்களத்தில் வெள்ளைச் சட்டைக்காரரிடம் கேட்டாள். அவர் சுற்றியிருந்த கடதாசியைப் பிரித்துப் படத்தை அவள் கையில் கொடுத்தார். அம்மா அதை மடியில் வைத்து, வேன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா எப்போது இறந்தார் என்று அவர் கேட்டார்.

"சாகலைங்க," என்றாள் அம்மா. இந்தியாவில் இருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னாள்.

அவர் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். கொடுத்துவிடப் போகிறார் என்று நான் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் மாரா மரம், வேன், அதன் கண்ணாடியில் விழுந்திருந்த சிவப்பு இலைகள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. அவர் கொடுக்கவில்லை. வேறு ஒருவருக்காக வாங்கியிருக்கலாம், அல்லது அவரது தொழில் அது. அம்மாவும் கேட்கவில்லை. அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவை மட்டும் கேட்டாள். படத்தைத் திருப்பி, பின்பக்கத்து அட்டையில், மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்தில், மெதுவாக எழுதினாள். "புஷ்பம். முனியாண்டி மகள். சரோஜாவின் அக்கா." சரோஜா அம்மாவின் பெயர். கடைசிச் சொல்லை எழுதி முடித்து, மை காயும்வரை ஊதிவிட்டு, திருப்பிக் கொடுத்தாள்.

இறங்கி வரும்போது அப்பா கொஞ்ச தூரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஏன் புள்ள சொன்ன? சும்மா செவத்துல மாட்டத்தான்னு சொல்லியிருந்தா இந்நேரம் படம் நம்ம கையில," என்றார்.

"அக்காவ அக்கான்னு சொல்லாம வேற என்னான்னு சொல்றது?" என்றாள் அம்மா.

அம்மா வீட்டுக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்து, எல்லாவற்றையும் பெட்டியில் திரும்ப வைத்தாள். அன்று சாயந்திரம் அடுப்பு மூட்டும்போது முதன்முதலாக அவள் அழுததைப் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகுதான் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள் என்று சொல்லவேண்டும். அதுவரை பெயரை மட்டும் சொல்லிவந்த அம்மா, அந்த வருஷம் முழுக்க அவளைப் பற்றியே பேசினாள். பெரியம்மாவுக்கு ஆற்றைக் கண்டால் பயம், பலாக்கொட்டை சுட்டால் தோல் உரிக்கப் பொறுக்காமல் தின்பாள், விசில் அடிப்பாள், அதற்காக அடி வாங்குவாள். நான் கண்ணால் காணாத அந்தப் பெண்ணின் குரல்கூட எனக்குத் தெரியும்போல ஆகிவிட்டது.

இப்போது நான் கேகாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அப்பா இல்லை. அம்மா என்னோடு இருக்கிறாள். பெரியம்மாவின் பெயரையும் அவள் கணவரின் பெயரையும் போட்டு ஃபேஸ்புக்கில் தேடாத வழியில்லை. நீலகிரியில் எத்தனையோ புஷ்பங்கள் இருக்கிறார்கள், எங்கள் புஷ்பம் இன்னும் கிடைக்கவில்லை. பழம்பொருள் விற்கும் இணைய ஏலங்களையும் சில சமயம் திறந்து பார்ப்பேன். "சிலோன் தமிழ்ப்பெண்" என்று தலைப்புப் போட்ட படங்கள் வந்தபடியே இருக்கின்றன. எதிலும் பெரியம்மா இல்லை.

எங்கள் லயம் போன வழியும் தெரியவில்லை, மலையின் பாதியில் ரப்பரைப் பிடுங்கி வேறு பயிர் வைத்திருக்கிறார்கள். மாரா மரத்தை வெட்டிவிட்டார்கள். பங்களா ஹோட்டலாகிவிட்டது. போன மாசம் ஒரு சக ஆசிரியையின் மகள் கலியாணத்துக்காக அங்கே போக வேண்டியிருந்தது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பழைய வீடு பழையதாகத் தெரிய வேண்டுமே என்று எங்கெங்கோ ஏலங்களில் வாங்கிய மணிக்கூடுகளையும் தட்டுகளையும் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். நடையிலும் வரிசையாகப் படங்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்கள், பிள்ளையைத் தூக்கிய பெண்கள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய பெண்கள். பெரியம்மா இருக்கிறாளா என்றுதான் நான் அவசரமாகப் பார்த்தேன். அம்மா அவசரப்படவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நின்று, முகத்தை நன்றாகப் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தாள்.

தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அங்கே நின்ற ஹோட்டல் பெண் சிங்களத்தில் கேட்டாள். யாரும் இல்லை, இதெல்லாம் தேயிலைப் பக்கத்து ஆட்கள் என்று அம்மா பதில் சொன்னாள். வெளியே மேளம் கேட்கத் தொடங்கிவிட்டது, தாலி கட்டும் நேரம் வந்துவிட்டது வாம்மா என்று கூப்பிட்டேன். அவள் கடைசிப் படத்தின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பதினைந்து பதினாறு வயதுப் பெண், தலையில் துணி, முதுகில் கூடை.

"யாரு பெத்த புள்ளையோ," என்றாள் அம்மா, மெதுவாக. சட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை நேராக்கி வைத்துவிட்டு வந்தாள்.