பிரபுவை மறுத்தவள்

எழுபதுகளில் கிளேட்டனிலிருந்து மெல்பேர்ன் நகருக்குப் போகும் காலை ரயிலில், தாதிச் சீருடையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா என் எதிரில் உட்காருவார். மடியில் கொப்பியை வைத்து ஆங்கிலத்தில் சரித்திர நாவல் எழுதுவார். பணக்காரத் தகப்பனின் ஒரே மகளை, நொடித்துப்போன பிரபு ஒருவன் பெண்கேட்கும் கதை. கடைசியில் அவள் மறுத்துவிடுவாள். கல்யாணத்தில் முடித்தால் அச்சிடுவதாகச் சொல்லிப் பதிப்பாளர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்.

"மாத்தி எழுதினால் என்னக்கா?" என்றேன்.

"கல்யாணத்துக்கு ஓம் எண்டு சொல்லமாட்டன் எண்டுறாள், தங்கச்சி. நான் என்ன செய்யிறது?"

ஒரு திங்கட்கிழமை கடிதத்தோடு ஓடிவந்து ஏறினார். ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சிடச் சம்மதித்திருந்தார்கள்.

"அவள் வெண்டிட்டாள்!" என்று பெட்டி முழுக்கக் கேட்கக் கத்தினார்.

தான் வென்றதாக அவர் சொல்லவேயில்லை என்பது, அவர் இறங்கிப்போன பிறகுதான் எனக்கு உறைத்தது.