பெரியநாயகி கூப்பிட்ட பேர்

என் அக்கா புருஷன் வீராசாமி, நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பிரேக் பிடிக்காத லோரியை மேட்டிலிருந்து பத்திரமாக இறக்கியிருக்கிறார். சாலையில் கிடந்த மலைப்பாம்பை வாலைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். மனுஷனுக்கு ஒரே ஒரு பயம், பேய். அதற்காக அவர் வைத்திருந்த சட்டதிட்டங்களைக் கேட்டால் பேயே சலித்துப்போகும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூன் விடுமுறையில், எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்கள் நாற்பது பேர் பஸ் பிடித்துத் தஞ்சோங் பாயோங் கடற்கரைக்குப் போனோம். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊர் அது. கடலில் மூழ்கியவர்கள் கரையில் நிற்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று பேச்சு. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் பஸ் நிறைந்திருக்காது. மாமா வரமாட்டேன் என்றுதான் சொன்னார். சிப்பி நிறையக் கிடைக்கும் என்றதும் வாளியோடு வந்துவிட்டார்.

பஸ் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்ததும், கோழிக்கறிச் சட்டியில் கரித்துண்டு போட்டதும் அவர்தான். ஜாசின் தாண்டியதும் எழுந்து நின்று பிரசங்கம் வேறு.

"யாரு கூப்பிட்டாலும் திரும்பாதீங்க. அது நமக்குத் தெரிஞ்ச குரல்லயே கூப்பிடும். ஒரு தடவ காதுல வாங்கிச்சின்னா போதும், அப்படியே பேசிக் காட்டும்."

"அப்புறம் சாப்பிட எப்படிக் கூப்பிடறது மாமா?" என்றேன் நான்.

"கிட்ட வந்து தோளத் தொடு லா."

அக்கா பெரியநாயகி அவருக்கு ஏற்ற ஜோடி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் புருஷன் பேரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடுமாம். அடையாள அட்டை எடுக்கப் போனபோது, அதிகாரியிடம் அந்தப் பேரைச் சொல்வதற்கென்றே என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒருநாள் வேலை கெட்டது எனக்கு.

மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் மாமா வாளியை எடுத்துக்கொண்டு தூரத்து மணல்மேட்டுக்கு நடந்துபோய், கடலைப் பார்த்தபடி குனிந்து சிப்பி பொறுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணிக் கடை மலாய்க்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஆயேர் நாயேக்," என்றார். தண்ணீர் ஏறுகிறது.

மேட்டுக்கும் கரைக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. மாமாவின் முதுகுக்குப் பின்னால். அவருக்கு நீச்சல் தெரியாது, எங்கள் யாருக்குமே தெரியாது. மலாய்க்காரர் படகு தேடி ஓடினார். நாங்கள் கத்தினோம். "வீராசாமி அண்ணே" என்றார்கள், "மாமா" என்றேன். மனுஷன் திரும்பவில்லை. தோளை ஒருதரம் சிலிர்த்துக்கொண்டு, எங்களைவிட்டு இன்னும் பத்தடி தள்ளிப் போனார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எங்களைப் பேய் என்று நினைக்கிறார். வந்த ஆத்திரத்தில் நான் தண்ணீரில் இறங்கினேன். நாலு எட்டில் இடுப்பு முழுகியது, அதற்கு மேல் கால் வரவில்லை.

அக்கா என் பின்னாலேயே இறங்கி வந்து, "இந்தாங்க, இந்தாங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அதற்கும் அவர் அசையவில்லை.

"பேரச் சொல்லுக்கா."

"நான் சொன்னா அவருக்கு ஏதாச்சும் ஆயிரும்டா தங்கையா."

"சொல்லலன்னா இப்பவே ஆயிரும்."

அக்கா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அடிவயிற்றிலிருந்து, "வீராசாமி" என்று கத்தினாள். அண்ணனும் இல்லை, மாமாவும் இல்லை, வெறும் பேர்.

மாமா சட்டென்று திரும்பினார். தண்ணீரைப் பார்த்தார். வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நெஞ்சளவு தண்ணீரில் தடுமாறியவரைக் கையைப் பிடித்து இழுத்தேன். கரைக்கு வரும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"நாப்பது பேரு தொண்ட கிழியக் கத்துறோம். காத வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

"உங்க குரல எல்லாம் அது காலையிலேருந்து கேட்டுருக்கும்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "இவ என் பேரச் சொல்லி யாருமே கேட்டதில்ல. நானே கேட்டதில்ல. பேய் எங்க கேட்டிருக்கும்? அதான் இவதான்னு தெரிஞ்சிச்சி."

திரும்பும்போது அக்கா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். "உங்க ஆயுசக் கொறச்சிட்டேன்," என்றாள்.

"மத்தியானத்தோட முடிய வேண்டியது. நீ எங்க கொறச்ச?" என்றார் மாமா. முன் சீட்டில் நான் தூங்குகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு தடவ கூப்பிடேன்."

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"இந்தாங்க," என்றாள், "சட்ட ஈரமா இருக்கு. கழட்டுங்க."